வலப்பக்கம் ஸ்டியறிங் வைச்ச தபால் வான்

புதுசா வான் ஓட்டுற வேலைக்கு வந்திருக்கிற பிள்ளையளுக்கு முதல் ஒண்டு சொல்லிப்போடுறன். நான் புத்தி சொல்ல வரேல்லை. எனக்கு ஒரு வானைப் பற்றிக் கதைக்க வேணும்! அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு இப்பவும் கால் தரையிலை நிக்காது. "எங்கடை கலியாணத்தைப் பற்றிக் கேட்டால் ரெண்டு வசனம், வானைப் பற்றிக் கேட்டால் ரெண்டு மணித்தியாலம்" எண்டு என்ரை மனுசி பகிடி பண்ணுவா. சரிதான். ஆனால் அந்த வான் இல்லாட்டி அவ இந்த ஊருக்கு வந்திருக்க மாட்டா. அது அவவுக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி எண்டு வையுங்கோவன். இத்தாலியிலை, சிசிலித் தீவிலை இருக்கிற பலேர்மோவுக்கு வந்த எங்கடை ஆக்கள் எல்லாரையும் போல நானும் வீடு துடைக்கிற வேலையிலைதான் இருந்தனான். ஊரிலை மினிபஸ் ஓட்டினவன் நான். பருத்தித்துறை றோட்டிலை என்ரை ஹோர்ன் சத்தம் கேட்டால் சனம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். அப்பிடிப்பட்டவன் இஞ்சை வந்து, வியா மக்வேதா எண்ட பெரிய தெருவுக்குப் பின்னாலை ஒரு மாடி வீட்டிலை, பளிங்குத் தரையிலை முழங்காலிலை நிண்டன். இரவிலை படிச்சு இத்தாலி லைசென்ஸும் எடுத்துப்போட்டன். ஓட்டுறதுக்குத்தான் ஒண்டும் இல்லை.

மனுசி கொழும்பிலை ஒரு லொட்ஜ் அறையிலை இருந்தா. அவவைக் கூப்பிடுறதெண்டால் குவெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோரிலை ஒழுங்கான வேலை ஒப்பந்தம் காட்ட வேணும். நான் வேலை செய்த வீட்டுக்காரர் எல்லாரும் நல்ல சனம், கோப்பி தருவினம், பழைய கோட்டுத் தருவினம். ஒப்பந்தம் எண்டு வாயைத் திறந்தால் "நாளைக்குப் பாப்பம்" எண்டுவினம். அந்த நாளை வாறதே இல்லை. ரெலிபோனிலை மனுசி "என்ன மாதிரி?" எண்டு கேப்பா, நான் "பாத்துக்கொண்டிருக்கிறன்" எண்டுவன்.

அப்பதான் அந்த வான் வந்தது. மால்டாவிலையிருந்து கப்பலிலை! நான் துடைச்ச ஒரு வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை, அதாவது வீட்டுக்கார அம்மாவின்ரை, தம்பி, மலைக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோற கொந்தராத்து எடுத்து நடத்தினவர். நான் அவரை முதலாளி எண்டே சொல்லுறன். கட்டையான மனுசன், கோபம் மூக்கு நுனியிலை. மால்டாவிலை எங்கடை நாட்டைப் போல இடப்பக்கத்தாலை ஓட்டம், அதாலை ஸ்டியறிங் வலப்பக்கம். முதலாளி அதை வேணுமெண்டுதான் வாங்கினவர். மலையிலை தபால் பெட்டியள் கேற்றடியிலை, றோட்டுக் கரையிலை இருக்கும். இத்தாலியிலை நாங்கள் றோட்டின்ரை வலப்பக்கத்தாலை போறம். ஸ்டியறிங்கும் வலப்பக்கம் எண்டால் ஓட்டுறவர் இறங்கவே தேவையில்லை. ஜன்னலாலை கையை நீட்டினால் பெட்டி! மழையிலை நனையத் தேவையில்லை, நாய் கடிக்காது, அரைவாசி நேரம் மிச்சம்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அவரின்ரை ஓட்டுநர் ஒருதரும் ஓட்ட மாட்டன் எண்டிட்டினம். ஒருத்தர் ஏறிப் பாத்திட்டு, கியர் போடுறதுக்குப் பதிலா வலக்கையாலை கதவைத் திறந்தாராம். சிஞ்ஞோரா என்னட்டை வந்து, "உங்கடை நாட்டிலை ஸ்டியறிங் எந்தப் பக்கம்?" எண்டு கேட்டா. எனக்கு விளங்கிப்போச்சு. கையிலை இருந்த துணியை வாளிக்குள்ளை போட்டிட்டு, "அந்தப் பக்கந்தான், சிஞ்ஞோரா! அந்தப் பக்கந்தான்!" எண்டன்.

சீசா எண்ட பகுதியிலை ஒரு சந்துக்குள்ளை முதலாளியின்ரை கந்தோர். ஏறி இருந்தன் பாருங்கோ, ஐயோ! இடக்கை தானாக் கியரிலை போய் இருந்தது. எனக்கு அழுகை வந்திட்டுது, வெக்கமில்லாமல் சொல்லுறன். முதலாளி பக்கத்திலை, இடப்பக்கச் சீற்றிலை, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நகரத்துக்குள்ளை வெண்ணெய் மாதிரி ஓடினன். முன்னாலையும் பின்னாலையும் வாகனம், அவை போற பக்கம் நானும் போனன். முதலாளி தலையை ஆட்டி ஆட்டிச் சிரிச்சார். மொன்றெயாலே எண்ட ஊரைத் தாண்டி மலைக்கு ஏறி, ஒரு கேற்றடியிலை நிப்பாட்டி, ஜன்னலாலை கையை நீட்டிப் பெட்டிக்குள்ளை கடிதத்தைப் போட்டன். "பிராவோ!" எண்டார். நான் சந்தோசத்திலை கியரைப் போட்டு வெளிக்கிட்டன்.

றோட்டிலை ஒரு வாகனமும் இல்லை. வெளிக்கிட்ட உடனை வலு வடிவா, வலு நிதானமா, இடப்பக்கத்துக்குப் போய்ச் சேந்திட்டன். ஊரிலை போற மாதிரி! பாட்டும் ஒண்டு வாயிலை.

வளைவிலை எதிராலை ஒரு லாப்பா வந்தது. லாப்பா எண்டுறது இஞ்சத்தை மூண்டு சில்லு வண்டி, அது நிறையத் தோடம்பழம். முதலாளி "மடோன்னா!" எண்டு கத்தினார். என்ரை கை இன்னும் இடப்பக்கம் ஒதுங்கத்தான் பாத்தது, ஊர்ப் பழக்கம் அப்பிடி. கை சொன்னதைக் கேளாமல் காலாலை பிறேக்கை மிதிச்சன். லாப்பாக்காரரும் மிதிச்சார். ரெண்டு மூக்கும் முட்டாத குறை. தோடம்பழம் உருண்டு மலையாலை கீழை போகுது.

அந்த மனுசன் இறங்கி வந்தார். ஆரிட்டை வந்தார் எண்டு நினைக்கிறியள்? இடப்பக்க ஜன்னலுக்கு! முதலாளிதான் ஓட்டினவர் எண்டு நினைச்சு, "குருடனோ நீ? இதென்ன, ஸ்டியறிங்கைக் கூடப் பிடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு ஓட்டுறாய்!" எண்டு பேசினார் பேசினார், அப்பிடிப் பேசினார். முதலாளி முகம் தக்காளிப்பழம் மாதிரிச் சிவந்துபோச்சு. சிரிக்கவும் ஏலாது, அழவும் ஏலாது எனக்கு.

திரும்பி வந்து கந்தோர் வாசலிலை முதலாளி சொன்னார். "ஒரு கிழமை பாக்கிறன். தனிய ஓட்டக் கூடாது, பக்கத்திலை ஒரு ஆள் இருக்க வேணும். ஒரு கீறலும் விழாட்டி சனிக்கிழமை ஒப்பந்தத்திலை கையெழுத்து வைப்பன். கீறல் விழுந்தால் வானும் வேண்டாம், நீயும் வேண்டாம்." எனக்கு ஒப்பந்தம் எண்ட சொல்லு மட்டுந்தான் காதிலை விழுந்தது. அண்டைக்கே மனுசிக்கு ரெலிபோன் எடுத்து, "சனிக்கிழமை, சனிக்கிழமை!" எண்டு கத்தினன். விசர்ப் பேயன், ஒரு கீறலிலை தொங்குற விசயத்தை உறுதி மாதிரிச் சொல்லிப்போட்டன்.

பக்கத்திலை இருக்க வந்தது, கந்தோரிலை கடிதம் பிரிக்கிற ஒரு மொரீசியஸ் பொம்பிளை. பேர் எழுத வேண்டாம் எண்டு அவவே எனக்குச் சொல்லிப்போட்டா, எழுதினால் உதைப்பாவாம். என்னிலும் ஒரு வயசு ரெண்டு வயசு இளமை. அவவின்ரை ஆக்கள் எந்தக் காலத்திலேயோ தமிழ்நாட்டிலையிருந்து போன ஆக்கள். முருகனுக்குக் காவடி எடுப்பா, ஆனால் தமிழிலை தண்ணி கேக்கத் தெரியாது. நாங்கள் கதைச்சது முழுக்க உடைஞ்ச இத்தாலியனிலை.

ஏறி இருந்த உடனை என்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டா. "மற்றக் காருகளிலை, இடப்பக்கம் ஸ்டியறிங் உள்ளதிலை, நீ எப்பவாவது பிழையான பக்கம் போனனியோ?"

"இல்லை, ஒரு நாளும் இல்லை."

"எங்கடை தீவிலையும் உங்கடை மாதிரித்தான் ஓட்டம். எனக்குத் தெரியும். மற்றக் காரிலை ஏறினால் இது அந்நிய நாடு எண்டு உன்ரை உடம்புக்கு விளங்குது. இதிலை ஏறின உடனை நீ வீட்டுக்குப் போயிட்டாய்."

பிள்ளையள், இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. புது இடத்திலை மனுசன் கவனமாத்தான் இருப்பான். பழகின மாதிரி ஒண்டு கையிலை கிடைக்கேக்கைதான் கவனம் நழுவிப்போகும். இத்தாலிக்காரர் ஒருதரும் விடாத பிழை அது, எங்கடை ஆக்கள் மட்டுமே விடக்கூடிய பிழை.

அவவே ஒரு வழியும் சொன்னா. "இந்த நாட்டிலை இந்த வான் சரியாப் போகுதெண்டால் நீ எப்பவும் றோட்டுக் கரையிலை இருப்பாய், நான் எப்பவும் றோட்டு நடுவிலை இருப்பன். சில்லு உருளுறதுக்கு முன்னம் ரெண்டு பேரும் அதைச் சத்தமாச் சொல்ல வேணும். பயந்தால் உனக்கு இத்தாலியன் வருமோ?"

"வராது."

"அப்ப தமிழிலை சொல்லித் தா."

அப்பிடித்தான் அது தொடங்கினது. ஒவ்வொரு கேற்றடியிலையும் கடிதத்தைப் போட்டிட்டு நான் "கரை என்னட்டை" எண்டுவன். அவ "நடு என்னட்டை" எண்டுவா. பிறகுதான் கிளச்சை விடுறது. முன்னாலை போற வாகனத்தை முந்துறதெண்டாலும் அவவின்ரை கண்ணாலைதான். வலப்பக்கத்திலை இருந்துகொண்டு எனக்கு எதிராலை வாறது ஒண்டும் தெரியாது. "போ", "நில்" எண்டு இன்னும் ரெண்டு சொல்லுப் பழக்கினன். ஒரு நாள் பகிடியா, "எனக்குப் போங்கோ, நில்லுங்கோ எண்டு மரியாதையாச் சொன்னால் என்ன?" எண்டு கேட்டன். "நாலு சொல்லுத்தான் படிச்சனான், மரியாதைக்கு மற்றக் கிழமை வா" எண்டா. கேற்றடியிலை நிக்கிற கிழவியள் எங்களைப் பாத்துக் கைகொட்டிச் சிரிச்சினம். எங்கடை ரெண்டு வசனத்தையும் செபம் எண்டு நினைச்சு ஒருத்தி சிலுவை போட்டா!

அந்தக் கிழமை எப்பிடிப் பறந்துது எண்டு தெரியாது. வெள்ளி வரைக்கும் ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் முதலாளி வானைச் சுத்தி வந்து விரலாலை தடவிப் பாப்பார், நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்.

சனிக்கிழமை விடிய மழை. சும்மா மழை இல்லை, வானம் கிழிஞ்சு ஊத்தினது. முதலாளி முன்னமே மேல் கிராமத்துக்குப் போயிட்டார், அங்கை தபால் கந்தோரிலை எங்களைப் பாத்துக்கொண்டு நிப்பார். நாங்கள் மலையாலை ஏறுறம். எங்கடை வலப்பக்கம் பள்ளத்தாக்கு, இடப்பக்கம் மலை. ஒரு வளைவைத் திரும்பினால், ஐயோ முருகா! மலை சரிஞ்சு, மண்ணும் கல்லும் பாதி றோட்டை மூடிக் கிடக்கு. மேலையிருந்து இறங்கி வந்த பஸ் ஒண்டு அதைச் சுத்தி எடுக்கப் பாத்து, மூக்கை எங்கடை பக்கம் நீட்டிக்கொண்டு நிக்குது. பஸ் நிறையச் சனம். மேலையிருந்து இன்னும் கல்லு உருண்டு வந்து பஸ்ஸின்ரை கூரையிலை டக்கு டக்கெண்டு விழுகுது.

பஸ் வளைவிலை பின்னுக்கு ஏற ஏலாது. எங்களுக்குப் பின்னாலை ஒரு லொறி, அதுக்குப் பின்னாலை வரிசையா வாகனம். எல்லாரும் ஹோர்ன் அடிக்கினம், ஒருதரும் அசையினமில்லை. எங்கடை வான் பஸ்ஸைத் தாண்டி அங்காலை போனால்தான் நாங்கள் நிக்கிற இடத்துக்குப் பஸ் இறங்கலாம். பஸ்ஸுக்கும் பள்ளத்துக்கும் நடுவிலை இருக்கிறது ஒரு சின்ன வான் போற இடம். போகுமோ எண்டதும் சந்தேகம். கரை மண் வேறை மழையிலை ஊறி இருக்கு.

பஸ் சாரதி கையை ஆட்டி "வா வா" எண்டுறார். பஸ் ஜன்னல் ஒவ்வொண்டாலையும் ஒரு தலை, ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு புத்தி சொல்லுது. என்ரை தலைக்குள்ளை ஒண்டே ஒண்டு: கீறல். உரசினால் ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லாட்டி மனுசி லொட்ஜ் அறையிலைதான். லொறிக்காரரிட்டைப் போய்க் கெஞ்சி, வரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னுக்கு அனுப்பலாம். நேரம் பிடிக்கும். என்ரை வானுக்கு அதுதான் நல்லது. பஸ்ஸுக்குள்ளை இருக்கிற சனத்துக்கு அது நல்லதில்லை. அந்த நேரம் ஒரு தேங்காயளவு கல்லு விழுந்து பஸ்ஸின்ரை ஒரு ஜன்னல் நொருங்கினது. உள்ளை பிள்ளையள் வீரிட்டுதுகள். அதோடை நான் கணக்குப் பாக்கிறதை விட்டிட்டன்.

நான் அவசரப்படேல்லை, பிள்ளையள். அதைத்தான் கவனியுங்கோ. முதலிலை இறங்கினன். பஸ்ஸுக்குப் பக்கத்தாலை அங்காலை வரைக்கும் கரையிலை நடந்து, குதிக்காலாலை ஊண்டி ஊண்டி மண்ணைப் பாத்தன். ஓரிடம் மட்டும் சொதசொதத்துக் கிடந்தது. அதிலை நாலு கல்லைப் பொறுக்கி வைச்சு மிதிச்சன். திரும்பி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து, "இறங்கு, நான் தனியப் போறன்" எண்டு அவவுக்குச் சொன்னன்.

அவ மடியிலை கிடந்த கடிதக் கட்டைப் பின்னாலை எறிஞ்சிட்டு என்னைப் பாத்தா. "நான் இறங்கினால் நடு ஆரிட்டை?"

"வான் உருண்டால்?"

"அப்ப கரையை வடிவாப் பார். கதவைச் சாத்து, மழை அடிக்குது."

ஏறினன். ஜன்னலாலை அரை உடம்பை வெளியிலை போட்டன். வலப்பக்கம் ஸ்டியறிங் வைச்ச வான் எண்டதாலைதான் என்ரை முன் சில்லு எனக்கு நேர கீழை தெரியுது, சில்லுக்கு அங்காலை பள்ளம் தெரியுது. இடப்பக்கத்திலை இருந்து ஓட்டுற எந்தச் சூரனுக்கும் அது தெரியாது. அவவும் தன்ரை ஜன்னலாலை தலையைப் போட்டா.

"கரை என்னட்டை!"

"நடு என்னட்டை! போ!"

ஊர்ந்தம். நான் பஸ்ஸைப் பாக்கேல்லை, ஒருக்காலும் பாக்கேல்லை. பாத்தால் பயத்திலை பள்ளத்துப் பக்கம் இழுத்திருப்பன். அவ பள்ளத்தைப் பாக்கேல்லை. "போ... போ... நில்!" நிண்டன். வானுக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலை கையை விட்டுப் பாத்தா. "போ." நான் வைச்ச கல்லுக்கு மேலை முன் சில்லு ஏறினது. ஒரு கல்லு நழுவிப் பள்ளத்துக்குள்ளை போன சத்தம் கேட்டுது. பஸ்ஸுக்குள்ளை இருந்த அவ்வளவு சனமும் ஒரேயடியா வாயை மூடினது, சிசிலியிலை நான் முதலும் கடைசியுமாக் கண்ட அதிசயம் அது! கரை சரியத் தொடங்குது எண்டு சில்லிலை தெரிஞ்சுது. "கரை போகுது!" எண்டு கத்தினன்.

"என்ரை பக்கம் வா!" எண்டு இத்தாலியனிலை கத்தினா. "வா! உரசட்டும்!" தலையை உள்ளை இழுத்துக்கொண்டா.

உரசட்டும் எண்டால் என்னெண்டு அவவுக்குத் தெரியும். என்ரை மனுசியின்ரை கதை முழுக்க அவவுக்குத் தெரியும். நான் ஸ்டியறிங்கை இடப்பக்கம் ஒடிச்சு அக்ஸிலேற்றரை மிதிச்சன். கிறீச்செண்டு ஒரு சத்தம், கதவு நீளத்துக்கு. அடுத்த நிமிசம் அங்காலை நிண்டம். பின்னாலை நாங்கள் போன கரையிலை ஒரு துண்டு பிஞ்சு கீழை போனது. பஸ் மெல்ல மெல்ல இறங்கினது. சனம் கைதட்டுது, அழுகுது, முத்தம் எறியுது. நான் ஸ்டியறிங்கிலை நெத்தியை வைச்சுக்கொண்டு, சிரிச்சனானோ அழுதனானோ எண்டு இண்டைக்கும் தெரியாது.

மேல் கிராமத்திலை முதலாளி குடையோடை நிண்டார். தபால் பையைப் பாக்கேல்லை, எங்கடை முகத்தைப் பாக்கேல்லை, நேர இடப்பக்கக் கதவுக்குப் போனார். கீறலிலை விரலை வைச்சார்.

நான் வாயைத் திறக்க முன்னம் அவ இறங்கிப் போய் அவருக்கு முன்னாலை நிண்டா. "இது என்ரை பக்கம். நான்தான் உரசச் சொன்னனான். கீறல் என்ரை."

"ஓட்டினது நான். ஸ்டியறிங் என்ரை கையிலை இருந்தது. கீறல் என்ரை" எண்டன் நான்.

"நீ கரையைப் பாத்தனி. நடுவைப் பற்றி உனக்கென்ன தெரியும்?"

"நீ சொன்னாய் எண்டால் நான் ஒடிக்கோணுமோ? என்ரை கை, நான் ஒடிச்சன்!"

மழைக்குள்ளை நிண்டு ரெண்டு பேரும் கீறலுக்குச் சண்டை பிடிக்கிறம். முதலாளி ஒருக்கா அவவைப் பாக்கிறார், ஒருக்கா என்னைப் பாக்கிறார். அதுக்குள்ளை அந்த லொறிக்காரரும் மேலை வந்து சேந்து, இறங்கின வேகத்திலை முழுக் கதையையும் கையாலையும் வாயாலையும் சொல்லி முடிச்சார். முதலாளி சுத்தி வலப்பக்கம் போய்க் குனிஞ்சு சில்லைப் பாத்தார். சில்லு முழுக்க பள்ளத்துப் புல்லு.

நிமிர்ந்து சொன்னார். "என்னட்டை எத்தினை பேர் ஓட்டுறாங்கள். எத்தினை கீறல் வந்திருக்கு. ‘என்ரை' எண்டு ஒருத்தனும் ஒரு நாளும் சொன்னதில்லை. இண்டைக்கு ஒரு கீறலுக்கு ரெண்டு பேர்!" பிறகு கோபமாத்தான் சொன்னார், அவருக்குச் சந்தோசத்தையும் கோபமாத்தான் சொல்லத் தெரியும். "உள்ளை வாங்கோ. ரெண்டு பேருக்கும் ஒப்பந்தம். தனியத் தனிய எனக்கு வேண்டாம்."

கையெழுத்து வைக்கேக்கை எனக்கு எழுத்துத் தெரியேல்லை, கண் முழுக்கத் தண்ணி. அவவுக்கும் ஒழுங்கான ஒப்பந்தம் இல்லாமல்தான் இருந்தது எண்டு அப்பதான் எனக்குத் தெரியும். ஒரு கிழமை முழுக்க என்ரை மனுசியின்ரை கதையைக் கேட்டுக்கொண்டு இருந்தவ, தன்ரை கதையை ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

உங்களுக்கு இப்ப கமெரா இருக்கு, வழி சொல்லுற பெட்டி இருக்கு. நல்லம், பாவியுங்கோ. ஆனால் உங்கடை சீற்றிலை இருந்து தெரியாத பக்கம் ஒண்டு எப்பவும் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பாக்கிற ஆள் ஆரெண்டு வெளிக்கிட முன்னம் தெரிஞ்சு வைச்சிருங்கோ. அந்த ஆள் "நில்" எண்டால் நில்லுங்கோ. "உரசட்டும்" எண்டால் உரசுங்கோ. பிறகு அந்தக் கீறல் என்ரை எண்டு சொல்லுங்கோ.

மனுசி வந்தா. நாப்போலி நகரத்திலையிருந்து காலமைக் கப்பலிலை வந்து பலேர்மோ துறைமுகத்திலை இறங்கினா. ஞாயிற்றுக்கிழமை எண்டபடியால் முதலாளி வானைத் தந்தார். கூட்டிக்கொண்டு வர மொரீசியஸ்காரியும் வந்தா, பூமாலையோடை. மனுசி பெட்டியையும் தூக்கிக்கொண்டு நேர வானின்ரை இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தா. இந்த ஊரிலை ஆரும் அப்பிடிச் செய்யாயினம், எல்லாரும் முதலிலை வலப்பக்கம்தான் வருவினம். அவ ஊரிலை என்ரை மினிபஸ்ஸிலை ஏறின மாதிரி ஏறி இருந்தா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு.

ஸ்டாட் பண்ணி, பழக்கத்திலை, "கரை என்னட்டை" எண்டன். பதில் இல்லை. வான் அசையேல்லை, என்ரை கால் கிளச்சை விடாதாம்.

"இஞ்சாருங்கோ, ஏன் நிக்கிறியள்?" எண்டு மனுசி கேட்டா.

மொரீசியஸ்காரி பின்னாலை, தபால் பை போடுற இடத்திலை இருந்தவ, முன்னுக்குக் குனிஞ்சு மனுசியின்ரை தோளிலை கையை வைச்சா. படிச்ச நாலு சொல்லுக்குள்ளை இல்லாத ஒண்டை, ஆருமே சொல்லிக் குடுக்காத ஒண்டை, தானே கட்டித் தமிழிலை சொன்னா.

"நடு உன்னட்டை."